தேய்ந்த எஞ்சினை 1,500 ரிங்கிட்டுக்குள் மீட்பது எப்படி? வீட்டுப் போர்ச்சில் செய்து பார்த்த முழு வழிகாட்டி

என் காடி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டாலே எதிர்வீட்டுப் பாட்டி கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவ்வளவு நீலப் புகை. பழைய புரோட்டோன் வீரா 1.5, உள்ளே இருப்பது 4ஜி15 எஞ்சின். வாரத்துக்கு ஒருமுறை ஆயில் ஊற்றினால்தான் ஓடும். வொர்க்‌ஷாப்பில் கேட்டால் “வேற எஞ்சின் போட்டுடுங்க போஸ்” என்றார்கள். என் கையில் இருந்தது 1,500 ரிங்கிட்.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம்தான் கோலாலம்பூரில் ஒரு கடையில் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல் பாகம்) கழற்றி, வால்வ் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலை மாற்றியிருந்தேன். மூன்று வாரத்தில் புகை திரும்பி வந்துவிட்டது. தேய்ந்திருந்தது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் பிஸ்டன் ரிங். மாற்றியது வால்வ் சீல். கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்பதை, யாரும் அளக்கவில்லை, அளந்தீர்களா என்று நானும் கேட்கவில்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் வரிசையில் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு, “நாடி பிடிக்காம நாட்டு வைத்தியன்கூட மருந்து குடுக்க மாட்டான் தம்பி, நீ காச குடுத்துட்டு வந்திருக்க” என்றார். இந்த வழிகாட்டியில் முதலில் வருவது நாடி பிடிப்பதுதான். ஸ்பானர் பிடிப்பது அதற்கப்புறம்.

எடுத்துக்காட்டாக 4ஜி15-ஐ வைத்துக்கொள்கிறேன். இரும்பு ப்ளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), அலுமினிய ஹெட், டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் பட்டை), 1,468 சிசி, சிலிண்டர் விட்டம் 75.5 மில்லிமீட்டர். முறை மற்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அளவுகளையும் போல்ட் இறுக்கங்களையும் உங்கள் எஞ்சினுக்குரிய சர்வீஸ் மேனுவலில் இருந்துதான் எடுக்க வேண்டும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்ணை நம்பி ஹெட் போல்ட் இறுக்காதீர்கள்.

நாடி பிடிப்பது

புகையிலிருந்து தொடங்கலாம். இரவு முழுக்க நின்ற காடி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகை விட்டு, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் சந்தேகம் வால்வ் சீல் மேல் விழ வேண்டும். இரவில் ஆயில் வால்வ் தண்டு வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது புகை வந்தாலும் அதே கதைதான். மேடேறும்போது, மிதிக்க மிதிக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் ரிங். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் எரிகிறது என்பதற்கான அடையாளம். அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் காப்பி நிறத்தில் நுரை இருந்தால் உடனே பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காடியில், நம் ஊர் ஈரக்காற்றுக்கு, மூடியில் மட்டும் அப்படி நுரை கட்டும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் காப்பியாக இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். கேஜ் ஒன்று வாங்கினாலும் ஒரு மெக்கானிக் கூலியைவிடக் குறைவுதான். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றுங்கள். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டியுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 170 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட முக்கியம் நான்கும் ஒத்துப்போகிறதா என்பது. எனக்கு 150, 145, 110, 140 என்று வந்தது.

இப்போது ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலைக் குறைந்த சிலிண்டரில் ஊற்றி மறுபடி அளங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் அடைப்புப் போல வேலை செய்யும். எண் ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது சிலிண்டர். ஏறவே இல்லையென்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். என் மூன்றாம் சிலிண்டர் 110-லிருந்து 155-க்குத் தாவியது. முந்தைய வருடம் இந்த ஒரு ஸ்பூன் ஆயிலை யாராவது ஊற்றியிருந்தால் ஹெட் செலவு மிச்சமாகியிருக்கும்.

பக்கத்து வொர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். அந்த சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் மேலே நிறுத்தி, ப்ளக் துளை வழியே காற்று ஏற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் ‘உஸ்’ என்றால் ரிங், சைலன்ஸர் வாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ், காற்று வடிகட்டிப் பக்கம் என்றால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

சத்தம் தனி விஷயம். மேலே ‘டிக் டிக்’ என்று தட்டினால் பெரும்பாலும் வால்வ் இடைவெளி சரியில்லை, திருத்திவிடலாம். அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று, அதுவும் மிதிக்கும்போது கேட்டு, சூடான எஞ்சின் ஐடிலில் ஆயில் விளக்கும் மினுக்கினால் அடி மெட்டல் போய்விட்டது. மெட்டல் என்பது வொர்க்‌ஷாப் பேச்சு. பிஸ்டனைத் தாங்கும் கான்ராடும், அது சுழற்றும் கிராங்கும் சேரும் இடத்தில் இருக்கும் அரைவட்டத் தகட்டு பேரிங்தான் அது. அந்தச் சத்தத்தோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓட்டினால் கிராங்கும் சேர்ந்து போகும். அப்புறம் இந்த பட்ஜெட் எதற்கும் காணாது.

பிரிக்காமலே செய்து பார்க்க வேண்டியவை

பிசிவி வால்வ். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் கைவிரல் அளவு சாமான், மலிவு. அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, ஆயில் கேஸ்கட் வழியாகவும் காற்றுக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளப்படும். கழற்றி ஆட்டினால் ‘கடகட’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் மாற்றுங்கள். புகைக்கு இதுவே முழுக் காரணமாக இருந்து, ஹெட் வரை கழற்றப்பட்ட காடிகளைப் பார்த்திருக்கிறேன்.

ரிங் தேயாமல், கரி பிடித்து பிஸ்டன் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஜாமில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் கோலாலம்பூர் காடிகளுக்கு இது சகஜம். மீட்டர் காட்டும் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், எஞ்சின் உழைத்த மணி நேரம் அதிகமாக இருக்கும். கரி கரைக்கும் திரவத்தை ப்ளக் துளை வழியே ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ப்ளக் போடுவதற்கு முன்பு, துளைகளைத் துணியால் மூடி எஞ்சினைச் சுற்றி மிச்சத் திரவத்தை வெளியே தள்ளியே ஆக வேண்டும். திரவம் உள்ளே நிற்கும்போது ப்ளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால் கான்ராட் வளைந்துவிடும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எனக்கு மூன்றாம் சிலிண்டர் பத்து பிஎஸ்ஐ ஏறியது, அதற்கு மேல் நகரவில்லை. சிலருக்கு இதோடு வேலையே முடிந்துவிடும்.

வால்வ் சீல் மட்டும்தான் கோளாறு என்று உறுதியானால் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கி, ப்ளக் துளை வழியே சுத்தமான நைலான் கயிற்றை முடிந்த மட்டும் நுழைத்து, ஒரு முனையை வெளியே விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். கயிறு வால்வைத் தாங்கிப் பிடிக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வ் உள்ளே விழாது.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆயில் குடிக்கிறது, கம்ப்ரஷனும் ஒத்துப்போகிறது என்றால் என் கருத்து இதுதான்: விட்டுவிடுங்கள். 20டபிள்யூ-50 போல் கொஞ்சம் கெட்டியான ஆயிலை மேனுவல் அனுமதித்தால் போட்டு, காடியின் பின் பூட்டில் ஒரு போத்தல் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

ஹாஃப்-கட் எஞ்சின் வாங்கலாமா?

ஹாஃப்-கட் என்பது பாதியாக வெட்டி விற்கப்படும் பழைய காடியிலிருந்து எடுக்கும் எஞ்சின். வாங்கலாம். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. உங்கள் எஞ்சின் எண் காடியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் பதிவாகியிருக்கிறது. எஞ்சின் மாறினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் மாற்றிப் பதிய வேண்டும், காடியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பதியாமல் ஓட்டினால் சாலைத் தடுப்பிலும் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். ப்ளாக் உடைந்திருந்தால் ஒழிய நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். பழைய காடிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் தேடவேண்டியது டைமிங் கவர், ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு), சென்சர் போன்ற சில்லறைச் சாமான்களைத்தான்.

பிரிப்பதற்கு முன்

கூரை உள்ள இடம் வேண்டும். கோலாலம்பூரில் மத்தியானத்துக்கு மேல் வானம் எப்போது கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. திறந்த சிலிண்டரில் ஒரு தூறல் பட்டாலும் மறுநாள் காலை செம்பழுப்புத் துரு நிற்கும். மழையே படாவிட்டாலும் ஈரக்காற்று போதும்; ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சிலிண்டர் சுவரில் ஆயில் தடவி, பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் பொதுப் பார்க்கிங்கில் இதைத் தொடங்க வேண்டாம். பத்து நாள் காடி கிடக்கும் வேலை இது.

காடியை ஜாக்கின் மேல் நிற்க வைத்துவிட்டு அடியில் படுக்கக்கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். சாக்கெட் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), ரிங் அமுக்கி ஆகியவற்றில் டார்க் ரெஞ்சையாவது இரவல் கேளுங்கள், யாரிடமாவது இருக்கும்.

கூலன்ட், ஆயில் இரண்டையும் எஞ்சின் குளிர்ந்த பிறகு வடியுங்கள். முதல் சிலிண்டரை மேல்நிலையில் நிறுத்தி, டைமிங் குறிகள் நேராக நிற்பதைப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரையும் குழாயையும் கழற்றும் முன் டேப் ஒட்டி எண் போடுங்கள். போல்ட்டுகளை அட்டைப் பெட்டியில் துளை போட்டு, அவை இருந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். இது சின்னப் பிள்ளை வேலை போலத் தெரியும். பத்தாவது நாள் பூட்டும்போது கையெடுத்துக் கும்பிடுவீர்கள்.

ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். சூடான எஞ்சினில் கைவைத்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

சிலிண்டரை அளப்பது

எஞ்சினை இறக்காமலே, மேலே ஹெட்டையும் கீழே சம்பையும் கழற்றினால் பிஸ்டன்களை மேல்வழியாகத் தள்ளி எடுத்துவிடலாம். பணம் மிச்சமாகும் இடம் இதுதான். கான்ராட் மூடிகளில் எண் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுடையது இன்னொன்றுக்கு மாறவே கூடாது. ராட் போல்ட்டுகளின் மேல் பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டைச் செருகிவிட்டால் வெளியே வரும்போது கிராங்கைக் கீறாது. பிஸ்டனைத் தள்ளும் முன் சிலிண்டரின் மேல் ஓரத்தை விரலால் தடவுங்கள். படி போல ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் அதை ரிட்ஜ் சீவும் கருவியால் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய பிஸ்டன் வெளியே வரும்போது உடையும், அல்லது புது ரிங் அதில் இடித்து ஓட்டத்தில் உடையும்.

சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க மெஷின் ஷாப்பில் போர் கேஜ் இருக்கும். நம்மிடம் புது ரிங் ஒன்றும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கை சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் தள்ளி மட்டமாக்குங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கு இடையில் உள்ள இடைவெளியை அளங்கள். பிறகு ரிங்கை மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து மறுபடி அளங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று கிடைக்கும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3.14 மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. என் மூன்றாம் சிலிண்டரில் அடியில் 0.30, மேலே 0.55. வித்தியாசம் 0.25, வகுத்தால் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர்.

0.1-க்குள் இருந்தால் ஹோன் செய்து (சுவரில் மெல்லிய கோடுகள் போட்டு) புது ரிங் போட்டு ஓட்டலாம் என்பது என் கோடு. அதைத் தாண்டினால் ப்ளாக்கை இறக்கி, போர் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி), 0.25 அல்லது 0.50 பெரிய பிஸ்டன் போட வேண்டும். அப்போது 1,500 பற்றாது. மேலே தொடராமல் அங்கேயே நின்று யோசிப்பது நல்லது. சுவரில் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தாலும் அதே முடிவுதான்.

அடியில் இருக்கும் அந்த 0.30-ஐயும் சாதாரணமாக விடாதீர்கள். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஏறக்குறைய 0.1 இடைவெளி என்பது பொதுக் கணக்கு, ஆகவே 75.5-க்கு 0.30 சரியாக வருகிறது. இதைவிட மிகவும் குறைவாக இருந்தால் ரிங் சூட்டில் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும். மெல்லிய அரத்தால் முனையைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

ஹோன், கழுவல், மெட்டல்

ஹோனிங் என்பது வழவழப்பாகிவிட்ட சுவரில் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் போடுவது. ஆயில் தங்குவதற்கும் புது ரிங் பதிவதற்கும் அது வேண்டும். கிராங்க் உள்ளேயே இருப்பதால் முதலில் அதைப் பிளாஸ்டிக்கால் சுற்றி, மேலே துணி அடையுங்கள். டிரில்லில் ஹோனை மாட்டி, தாராளமாக ஆயில் விட்டு, மெதுவாகச் சுற்றவிட்டு மேலும் கீழும் வேகமாக ஆட்டுங்கள். ஒரு சிலிண்டருக்கு அரை நிமிடம் போதும். ஆசைப்பட்டு அதிகம் தேய்க்காதீர்கள், தேய்ந்த சிலிண்டரை நாமே இன்னும் தேய்த்த கணக்காகிவிடும்.

அதைவிடப் பெரிய வேலை கழுவுவது. ஹோன் கல்லின் தூள் சுவரின் நுண்கோடுகளில் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை எடுக்காது, பரப்பத்தான் செய்யும். பாத்திரம் கழுவும் சோப்பைச் சுடுதண்ணீரில் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், திரும்பத் திரும்ப. கடைசியில் ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் துளிகூடத் தெரியக் கூடாது. எனக்கு ஒரு பழைய வேட்டி முழுக்கப் போயிற்று. இந்த வேலையைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் புது ரிங், புது மெட்டல் எல்லாம் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும்.

கான்ராட் மெட்டலைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. கிராங்கின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கும் மாட்டக்கூடாது. மாட்டினால் கிராங்கை எடுத்து கிரைண்ட் செய்யத்தான் வேண்டும். மாட்டவில்லையென்றால் புது மெட்டல் வாங்கி, பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய நூலை இடையில் வைத்து இறுக்கித் திறந்து, அது எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்பதை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

மெஷின் ஷாப்

சான் சௌ லின் பக்கம் போனால் வொர்க்‌ஷாப்புகளுக்கும் மெஷின் கடைகளுக்கும் பஞ்சமில்லை. எங்கே போனாலும் ஹெட்டை நீங்களே கழற்றி, கரியைச் சுரண்டி, கழுவிக் கொண்டுபோங்கள், கூலி குறையும். போகும் முன் ஹெட்டின் முகத்தில் நேரான ஸ்டீல் ரூலரை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலரை நுழைத்துப் பாருங்கள். 0.05 நுழையவில்லையென்றால் ஸ்கிம், அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்குவது, தேவையில்லை. “எதுக்கும் ஒருதடவை ஸ்கிம் போட்டுடலாம்” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; ஸ்கிம் செய்யச் செய்ய ஹெட் மெலியும். எஞ்சின் எப்போதாவது கொதித்திருந்தால் மட்டும் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் கேளுங்கள்.

வால்வை அதன் இருக்கையோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங்கை வீட்டிலேயே செய்யலாம். பேஸ்ட் தடவி, ரப்பர் கப் கோலை இரு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைவது போல உருட்டுங்கள். சுற்றிலும் ஒரே சாம்பல் வளையம் தெரிந்தால் போதும். பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்து, வால்வைப் பூட்டி, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். பத்து நிமிடத்தில் வால்வ் ஓரம் கசியவில்லையென்றால் தேறியது.

பூட்டுவது

ரிங்கில் குறி உள்ள பக்கம் மேலே. முனை இடைவெளிகள் ஒரே கோட்டில் வரக்கூடாது, 120 டிகிரி தள்ளித் தள்ளி. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி டைமிங் பெல்ட் பக்கம் நோக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஆயில் தாராளமாக. பிஸ்டனை உள்ளே தட்டும்போது சட்டென்று தடுத்தால் நிறுத்துங்கள்; ரிங் வெளியே நழுவியிருக்கும், பலவந்தமாக அடித்தால் உடையும்.

சம்புக்கு சிலிக்கான் மெல்லிய கோடாகப் போதும். அதிகம் போட்டால் உள்பக்கம் பிதுங்கி, துண்டு விழுந்து, ஆயில் வடிகட்டியை அடைக்கும். ப்ளாக்கில் உள்ள ஹெட் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஒற்றி எடுங்கள், இல்லையேல் இறுக்கம் பொய்யாகக் காட்டும், ப்ளாக்கே வெடிக்கவும் கூடும். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக இறுக்குங்கள். கேஸ்கட், டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இவற்றில் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். வாட்டர் பம்ப் கசிந்த சுவடு இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பெல்ட் போட்ட பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ப்ளக் வயர் வரிசை 1-3-4-2.

முதல் ஸ்டார்ட், முதல் 500 கிலோமீட்டர்

ப்ளக் இல்லாமல், பெட்ரோலும் இக்னிஷனும் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ப்ளக் போட்டு ஸ்டார்ட். கொஞ்ச நேரம் புகை வரும். உள்ளே தடவிய ஆயில்தான் எரிகிறது. கசிவு இல்லை, சூடு ஏறவில்லை என்று உறுதியானதும் ஐடிலில் நிற்கவிடாமல் ஓட்டக் கிளம்புங்கள். சுமை இல்லாமல் சும்மா ஓடினால் ரிங் பதியாது, சுவர் மறுபடி வழவழப்பாகிவிடும். ஞாயிறு விடியற்காலையில் டியூக் நெடுஞ்சாலை காலியாக இருக்கும். நான்காவது கியரில் 50-லிருந்து 80 வரை நிதானமாக மிதித்து, பிறகு காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறையவிடுங்கள். பத்துப் பதினைந்து முறை. முதல் 500 கிலோமீட்டருக்கு விலை குறைந்த மினரல் ஆயிலே போதும். விலை உயர்ந்த ஃபுல்லி சிந்தெடிக்கை இந்தக் கட்டத்தில் ஊற்றுவது வீண்.

500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெள்ளை டப்பாவில் விட்டு வெயிலில் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு சகஜம், துகள் கையில் தட்டுப்பட்டால் சம்பை மறுபடி திறக்க வேண்டும். கம்ப்ரஷனையும் அளங்கள். எனக்கு 175, 175, 165, 170 வந்தது. பணத்தில் பாதி சாமான்களுக்கும், கால் பங்கு மெஷின் ஷாப்புக்கும் போயிற்று. மீதி ஆயில், கூலன்ட், மறந்துபோன வாஷருக்காக ஸ்பேர்பார்ட் கடைக்கு ஓடிய பெட்ரோல்.

வடித்த ஆயிலை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றிவிடாதீர்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு கழிவு விதிமுறைகளின் கீழ் அது எஸ்டபிள்யூ305 என்று எண்ணிட்ட அட்டவணைக் கழிவு. பழைய போத்தல்களில் அடைத்து, உங்களுக்கு டார்க் ரெஞ்ச் இரவல் கொடுத்த வொர்க்‌ஷாப்பில் கேளுங்கள், அவர்களுடைய டிரம்மிலேயே ஊற்றிக்கொள்வார்கள். ரெஞ்சைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்க அதே நடையில் போய்விடலாம்.